நல்ல கேபிள், கெட்ட சாட்சி

7

"இந்த ஒயரத்தான் மேடம் தூக்குல போடணும். கழுத்தும் நீளம், தனியா கயிறும் தேவையில்ல."

நீல நிறக் கேபிளை விரலில் சுற்றிக்கொண்டே ஷாஜின் சொன்னான். அதன் ஒரு முனையில் கம்ப்யூட்டரில் செருகுகிற தட்டையான யூஎஸ்பி பிளக், மறுமுனையில் ஒன்பது ஊசி கொண்ட பழைய காலத்து சீரியல் பிளக். சென்னை ரிச்சி தெருவில் கூடையில் குவித்து வைத்து விற்கிற சரக்கு. இப்போது சிவப்பு அரக்கு முத்திரையோடு ஒரு கொலை வழக்கின் சாட்சிப் பொருளாக மேசைமேல் கிடந்தது.

இன்பம் சிரிக்கவில்லை. பெயர் வைத்த பெற்றோர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது ஷாஜினின் நெடுநாள் கருத்து. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தொழிற்சாலை விபத்துகளை விசாரித்தவர் அவர். மெஷினில் விரலைக் கொடுத்தவர்களின் முகத்துக்கு நேராக, "உன் கவனக்குறைவுதான்" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அந்த வேலையை உதறிவிட்டு வேலூரில் துப்பறியும் அலுவலகம் திறந்தபின்பும் அந்த முகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஷாஜின் அதே மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப்போய், அவரிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். வாய் மட்டும் நொடிக்கவில்லை.

"விளையாடுற நேரம் இல்ல தம்பி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மோசஸ். "நாளைக்கு பையன கோர்ட்டுல நிறுத்தணும். கொலைக் கேஸு. மேடம் பழைய பழக்கம், கேட்டாங்களேன்னு இத தொட விட்டேன்."

ஆம்பூரைத் தாண்டி பைபாஸ் ஓரம் இருந்த அந்தக் காவல் நிலையத்தில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஜன்னல் வழியே தோல் ஊறும் வாடை மட்டும் தாராளமாக வந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது வாடையே இல்லை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த மோசஸ் இன்னும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

வழக்கு இதுதான். பக்கத்து டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வீடு அளவுக்கு ஒரு மர டிரம். தோலையும் சுண்ணாம்பையும் போட்டுச் சுற்றவிட்டால் ராத்திரி பகலாகச் சுற்றும். தோலைக் கொட்டும்போது அடியில் ஒட்டிக்கொள்வதை இழுத்துப்போட ஒரு ஆள் உள்ளே இறங்கவேண்டும். இறங்குகிற ஆள் மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகவேண்டும் என்று சட்டம். ஆனால் யாரும் பிடுங்குவதில்லை. ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி ஸ்விட்ச் பெட்டிமேல் மாட்டிவிட்டுப் போவார்கள். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், எவனும் பட்டனைத் தொடமாட்டான். அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம், அது ஒருமுறைகூடத் தவறியதும் இல்லை.

மனிதர்கள் சட்டையை மதித்தார்கள். இரண்டு மாதம் முன்பு நெல்வின் என்கிற டிப்ளமோ பையன் அந்த டிரம்முக்குத் தானாக இயங்கும் ஒரு டைமர் போர்டு செய்து மாட்டினான். உள்ளங்கை அளவு போர்டு, நடுவில் கரப்பான்பூச்சி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதற்குச் சட்டை என்றால் என்னவென்று தெரியாது. போன வாரம் பெருமாள் என்கிற டிரம் ஆள் வழக்கம்போல ஸ்டாப்பை அழுத்தி, சட்டையை மாட்டிவிட்டு உள்ளே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் டிரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே சுவர் முழுக்க முழங்கை நீளத்துக்கு மர முளைகள். வெளியே எடுத்தபோது, அடையாளம் காட்டும்படி மிஞ்சியது ஸ்விட்ச் பெட்டிமேல் தொங்கிய சட்டை ஒன்றுதான்.

"நான் அவன் மேல ஒரு விரல் வைக்கல" என்றார் மோசஸ் பெருமையாக. "அவனாவே சொன்னான். ஸ்டாப்ப அழுத்தினாலும் கொஞ்ச நேரத்தில திரும்ப ஓடற மாதிரி சிப்ல மாத்தி எழுதினேன்னு. பெருமாள் அவன எல்லார் முன்னாடியும் அறைஞ்சிருக்கான், மெஷின் வந்தா எங்க பொழப்பு போய்டும்னு. அந்த ஆத்திரம். அவன் பையில லேப்டாப்பு, இந்த கேபிளு, சிப்புல எழுதற போர்டு மூணும் இருந்துச்சு. டிரம்முக்கு பக்கத்துல உக்காந்து லேப்டாப்புல கேபிள சொருகி எழுதினத மேஸ்திரி ஜெயசீலன் கண்ணால பாத்திருக்கான். இதுக்கு மேல இன்னா வேணும்?"

இந்த ஊர் "இன்னா" மட்டும் அவருக்கு அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கேபிள் வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் இன்பம்.

மோசஸ் கைக்குட்டைக்குள்ளிருந்தே சிரித்தார். "கத்தி வெட்டுமான்னு வெட்டிப் பாத்தா மேடம் கேஸு போடறோம்?"

"ஷாஜின்" என்றார் இன்பம். அவ்வளவுதான் அவருடைய உத்தரவு.

அவருக்கு இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் நெல்வினின் அக்கா ஜெனிஃபா. வேலூர் மருத்துவமனையில் நர்ஸ். தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்தவள். காலையிலிருந்து அவள் அழைத்து அழைத்து இன்பத்தின் போன் கைப்பையில் துடித்துக்கொண்டே இருந்தது. சொல்ல எதுவும் இல்லாதபோது எடுத்து என்ன பயன் என்று இன்பம் எடுக்கவே இல்லை. ஆறுதல் சொல்வது அவர் கட்டணத்தில் சேராது.

ஷாஜின் தன் லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினான். திரையில் மஞ்சள் கேள்விக்குறி ஒன்று எட்டிப்பார்த்தது.

"ஆரம்பமே பேஜாரு. டிரைவர் இல்ல."

"ஜீப்பு டிரைவரா?" என்றார் மோசஸ்.

"இல்ல சார், இது மொழிபெயர்ப்பாளர் மாதிரி. கேபிள் பேசறது கம்ப்யூட்டருக்கு புரியணும் இல்ல." தன் பையிலிருந்து சிடி ஒன்றை எடுத்துப் போட்டான். கேள்விக்குறி போனது. ஆனால் சிப்பில் எழுதுகிற மென்பொருள் கேபிளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஷாஜின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். "பதினேழாம் நம்பர் போர்ட்டுல போய் உக்காந்திருக்கு. அந்த மென்பொருள் தாத்தா காலத்துது, நாலுக்கு மேல எண்ணத் தெரியாது." நம்பரை இரண்டாக மாற்றினான்.

பிறகு மோசஸின் மேசையிலிருந்த ஒரு ஸ்டேப்ளர் பின்னை எடுத்து வளைத்து, கேபிளின் மறுமுனையில் இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும் சேர்த்துக் கட்டினான்.

"இன்னாடா பண்ற?"

"அனுப்பற வாயையும் கேக்கற காதையும் சேத்துட்டேன் சார். நான் இங்க தட்டறது கேபிள் முழுக்க போய்ட்டு திரும்பி எனக்கே வரணும். வந்தா கேபிள் நல்லது. வரலன்னா செத்துது." அவன் தட்டினான். ஒவ்வொரு எழுத்தும் உடனே திரையில் திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர் என்று தட்டியிருந்தான். "பாருங்க, பொய் சொன்னாலும் அப்படியே திருப்பி சொல்லுது. தங்கமான கேபிள்."

மோசஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேபிள் நல்லது, கேஸும் நல்லது. கெளம்புங்க மேடம்."

ஷாஜின் எழுந்தான். நன்றாக வேலை செய்கிற கேபிளைக் கொண்டு நெல்வினைத் தன் கையாலேயே தூக்குமேடைக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்ட மாதிரி இருந்தது. இன்பமோ எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்ச மாதிரி எழுந்திருக்காதே. கேபிள் பேசுதான்னுதான பாத்த? எழுதுதான்னு பாரு."

பிளாஸ்டிக் உறையிலிருந்து சிப்பில் எழுதும் போர்டை எடுத்துக் கேபிளோடு இணைத்தான். டிரம்மிலிருந்து போலீஸ் கழற்றி வைத்திருந்த சிப்பை அதில் உட்காரவைத்தான். சிப்பையே காணோம் என்றது திரை. மறுபடி செய்தான். மறுபடியும் காணோம். சிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வேகத்தைக் குறைத்தான். கேபிளை லேப்டாப்பின் அந்தப் பக்கத்துத் துளையில் மாற்றிச் செருகினான். தன் பையிலிருந்து புதிய சிப் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தான். கண்ணுக்கெதிரே உட்கார்ந்திருக்கிற சிப்பைக் காணோம் காணோம் என்று அது சாதித்தது. பிறகு ஷாஜின் அந்தப் போர்டைத் திருப்பி முதுகைப் பார்த்தான். பார்த்தவன் மெதுவாகச் சிரித்தான்.

"மேடம், இதுக்கு தனியா கரண்டு கனெக்ஷனே இல்ல. வீட்டோட மாப்பிள்ள."

"தெளிவா சொல்லு."

"இந்த போர்டு கரண்டுக்கு எங்கயும் போகாது. கம்ப்யூட்டரோட சீரியல் சாக்கெட்டுல இருந்தே உறிஞ்சிக்கும். பழைய கம்ப்யூட்டரு பின்னாடி இருக்கற சாக்கெட்டு பன்னெண்டு வோல்ட்டு கொடுக்கும். அதனால இதுக்கு வயிறு ரொம்பும். இந்த யூஎஸ்பி கேபிள் அஞ்சு கொடுத்தாலே பெருசு. பேசறதுக்கு அஞ்சு போதும், அதான் எழுத்தெல்லாம் போய்ட்டு போய்ட்டு வந்துச்சு. சிப்புல பொறிக்கணும்னா பன்னெண்டு வேணும். சட்டியில இருந்தாத்தான ஆப்பையில வரும்?"

மோசஸ் கைக்குட்டையை முதல்முறையாக மூக்கிலிருந்து எடுத்தார். "லேப்டாப்புல நேரா சொருக முடியாதா?"

"லேப்டாப்புல அந்த சாக்கெட்டே கிடையாது சார். அதுக்குத்தான இந்த கேபிளையே வாங்கி ஏமாந்திருக்கான் பாவம்."

"ஆக, இந்த கேபிள்ல யாரும் எதையும் எழுதல" என்றார் இன்பம். "எழுதினத பாத்தேன்னு மேஸ்திரி சொல்றான். எழுதினேன்னு இவனே சொல்றான். ஒருத்தன் வெளிய, ஒருத்தன் உள்ள. ரெண்டு பேரும் ஒரே பொய்ய சொல்றாங்க. மேஸ்திரி தப்பிக்க சொல்றான், அது புரியுது. இவன் எதுக்கு மாட்டிக்க சொல்றான்?"

நிலையத்தின் பின்பக்கத்து அறையில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான் நெல்வின். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடியைப் போலீஸ் வாங்கி வைத்திருந்தது. வந்தவர்களைப் பார்க்கக் கண்ணை இடுக்கினான்.

"எதுல எழுதின?" என்றார் இன்பம்.

"லேப்டாப்புல மேடம். எல்லாம் சொல்லிட்டேன்."

"இந்த கேபிள்லயா?"

"ஆமா."

"கேபிள் நல்லா இருக்கு. ஆனா அந்த போர்டுல எழுத அதுக்கு துப்பில்ல. இப்பதான் பாத்தோம்."

கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்தால் எவனும் மூச்சு விடுவான். நெல்வினுக்கு முகம் வெளுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எழுதும் மேடம். சில நேரம் எழுதும். நான்தான் பண்ணேன், எழுதி கொடுத்துட்டேனே, விடுங்களேன்."

"அப்ப பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு எங்கயோ இருக்கு" என்றார் இன்பம், ஷாஜினிடம் பேசுவதுபோல. "டேனரியிலயே இருக்கணும்."

"அங்க போகாதீங்க மேடம்" என்றான் நெல்வின். குரல் உடைந்துவிட்டது. "உங்கள கையெடுத்து கும்புடறேன். எங்கக்கா கிட்ட நான் சொல்லிக்கறேன். அங்க மட்டும் போகாதீங்க."

இன்பம் அதற்குள் திரும்பி நடந்துவிட்டார். ஷாஜின் மட்டும் ஒரு நொடி நின்றான்.  காப்பாற்ற வந்தவர்களைக் கண்டு இப்படிப் பயப்படுகிறவனை அவன் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றிக்கொண்டு மோசஸின் ஜீப்பிலேயே போனார்கள். சிப்பும் போர்டும் உறையோடு மோசஸின் மடியில் இருந்தன. டேனரி வாசலில் மேஸ்திரி ஜெயசீலன் எதிரே வந்தான். வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு தோல் பை. செருப்பில்கூடச் சுண்ணாம்புக் கறை இல்லை. டிரம்முக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மேஸ்திரி இல்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சார். டிரம்ம பாக்கறீங்களா? நேத்தே பழையபடி பட்டன்ல ஓட்ட ஆரம்பிச்சிட்டோம். ஆர்டரு நிக்குது, இவனுங்க வேற ஸ்டாப்ப அழுத்திட்டு பீடிக்கு போய்டறானுங்க, இன்னா பண்றது."

"கழுவினீங்களா?" என்றான் ஷாஜின்.

"அது இன்னாத்துக்கு? சுண்ணாம்புதான போடறோம், அதுவே எல்லாத்தையும் தின்னுடும்." சொல்லிவிட்டு ஜெயசீலன் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஷாஜின் பல நாள் மறக்கமாட்டான். அறைய வேண்டும் போல் கை பரபரத்தது, ஆனால் பக்கத்தில் போலீஸ் நின்றது.

"நெல்வின் லேப்டாப்புல எழுதினத பாத்தது நீங்கதான?" என்றார் இன்பம். "கேபிள் என்ன கலரு?"

"நீலம் மேடம். போலீஸு கைல பாத்தனே." நாக்கைக் கடித்துக்கொண்டான். "அவன் கையிலயும் பாத்தேன்."

"சரி. இங்க பழைய கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"இங்க ஏது மேடம் கம்ப்யூட்டரு? தோல் ஷாப்பு இது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சோறாவது நிறையப் போட்டிருக்கவேண்டும். அவன் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே, கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால், ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தோலை விரித்து உள்ளே விட்டால் எத்தனை சதுர அடி என்று கணக்குப் போடுகிற அளவு மெஷின். அதிலிருந்து ஒரு தடித்த ஒயர் அந்தக் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போனது. ஒன்பது ஊசி பிளக். 

"அது அளவு ரூம்பு" என்றான் ஜெயசீலன். "அந்த பொண்ணு மோகனா. செத்துப்போன பெருமாள் பொண்ணு சார். பாவம், துக்கத்துல இருக்கு. அத போய் தொந்தரவு பண்ணாதீங்க."

அப்பன் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, வேலைக்கு வரச்சொன்னதும் இவன்தான். இரக்கம் மட்டும் இப்போது பொங்கியது. இன்பம் அவனைத் தாண்டி உள்ளே போனார். மோசஸ் கான்ஸ்டபிளிடம் கண்ணால் ஏதோ சொல்ல, கான்ஸ்டபிள் ஜெயசீலன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

மோகனாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வாரிய தலை, வீங்கிய கண். இன்பம் தாங்கள் யார் என்று சொன்னதும் அவள் எழுந்து நின்றாள்.

"அவன வெளிய கொண்டு வரவா வந்திருக்கீங்க?" அவன் என்று சொல்லும்போது நெல்வினின் பெயர் வாயில் வரவில்லை. "இங்கதான் மேடம் உக்காந்து எனக்கு சொல்லிக் கொடுத்தான். லேப்டாப்புல எதோ கேபிள் வேலை செய்யலன்னு மெனக்கெட்டு தெனம் இங்க வருவான். சிப்புல எழுதற போர்டு கூட இங்க என் மேசையிலதான் இருக்கும். எங்கப்பா அடிச்சாருன்னு அவருகிட்ட பேசறதில்ல, எங்கிட்ட மட்டும் நல்லா பேசினான். எல்லாம் நடிப்பு."

"போர்ட எப்ப எடுத்துட்டு போனான்?"

"அப்பா போன அன்னிக்கு. ஓடி வந்தான், எடுத்து பையில போட்டுகிட்டு போய்ட்டான். தப்பு பண்ணவன் தடயத்த மறைக்க மாட்டானா?"

ஷாஜினுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. போர்டு இருந்தது மோகனாவின் மேசையில், ஆகவே யாருடைய தடயம் என்பதும் புரிந்தது. இன்பத்தைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்காமல் மோசஸின் கையிலிருந்த உறையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"இந்த சிப்பு டிரம்ல இருந்தது. உள்ள இருக்கறது நெல்வின் முதல்ல எழுதினதா, மாத்தினதான்னு உனக்கு பாக்கத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"மேடம்" என்றான் ஷாஜின் தாழ்ந்த குரலில், "நானே பாத்துடறேனே."

"அவ பாக்கட்டும்."

இந்தம்மாளுக்கு மனசு என்று ஒன்று இருந்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனி பீரோவில்தான் பூட்டிக்கிடக்கும் என்று ஷாஜின் நினைத்தான். நினைத்தானே தவிர, அவனும் மேற்கொண்டு தடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

மோகனா பழகிய கையால் அளவு மெஷினின் ஒயரைக் கழற்றி, போர்டை நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினாள். காவல் நிலையத்தில் கண்ணாமூச்சி ஆடிய சிப்பு இங்கே உடனே ஆஜர் கொடுத்தது. நெல்வின் டிரம்முக்கு எழுதிய பழைய புரோகிராமைத் திறந்து, சிப்பிலிருப்பதோடு ஒப்பிடச் சொல்லித் தட்டினாள். ஒத்துப்போகவில்லை என்றது திரை.

"பாத்தீங்களா? மாத்திட்டான்" என்றாள். கண் நிறைந்தது. "எங்கப்பாவ கொல்லணும்னே மாத்தியிருக்கான்."

"வேற புரோகிராம் இருக்கா இதுல?"

"பம்ப்புது ஒண்ணுதான் மேடம். கழிவுத் தண்ணி பம்ப்புக்கும் டிரம்ல இருக்கற அதே டைமர் போர்டுதான் செஞ்சு கொடுத்தான். அது நான் மாத்தினது." அந்தச் சோகத்திலும் குரலில் ஒரு சின்னப் பெருமை தலைகாட்டியது. "கரண்டு போய் நின்னா பம்ப்பு திரும்ப ஓடறதில்ல, நின்னாலும் கொஞ்ச நேரத்தில தானா ஓடற மாதிரி பண்ணிக்கொடுன்னு மேஸ்திரி வந்து கேட்டாரு. நெல்வின் முடியாதுன்னு சொல்லிட்டான், நீதான் படிச்ச பொண்ணாச்சேன்னாரு. ஒரு வரிதான். நானே எழுதி, சிப்புல போட்டு, மேஸ்திரி கையில கொடுத்தேன். நான் தனியா எழுதின மொத புரோகிராமு மேடம் அது."

 மோசஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதோடயும் ஒப்பிட்டு பாரு" என்றார் இன்பம்.

"அது எதுக்கு மேடம்? அது பம்ப்பு."

"பாரு."

மோகனா பம்ப் புரோகிராமைத் திறந்தாள். ஒப்பிடச் சொல்லித் தட்டினாள். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து, நிற்காமல் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. எல்லாம் ஒத்துப்போகிறது.

அவள் அதைப் படித்தாள். ஏதோ தவறு என்பதுபோல் சிப்பைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டித் தட்டினாள். பச்சைக் கோடு மறுபடியும் கடைசி வரை போனது. மூன்றாம் முறை தட்டப்போன கையை ஷாஜின் பிடித்துக்கொண்டான். 

"இது பம்ப்புக்கு" என்றாள் மோகனா. "பம்ப்புக்குத்தான் மேடம் எழுதினேன்."

"பம்ப்புக்குன்னு உங்கிட்ட பொய் சொன்னான்" என்றார் இன்பம். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, விரல் போனவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார். "டிரம் ஆளுங்க ஸ்டாப்ப அழுத்திட்டு பீடி குடிக்க போறாங்கன்னு அவனுக்கு எரிச்சல். நிறுத்தினாலும் தானா ஓடணும்னு நெல்வின கேட்டான். நெல்வின் மாட்டேன்னான். உன்கிட்ட வாங்கினான். அத டிரம்ல மாட்டினது அவன். கொன்னது அவன். நீ இல்ல."

கடைசி வார்த்தைகளை மோகனா கேட்ட மாதிரித் தெரியவில்லை. வெளியே ஏதோ சத்தம் கேட்டது. ஜெயசீலன் தோல் பையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்திருக்கிறான். கான்ஸ்டபிள் அவனைச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமாகத் தள்ளிப் பிடிக்க, வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு உள்ளே போய்விட்டான். கத்தினான். யாரும் அவசரப்பட்டுத் தூக்கவில்லை. டிரம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். மோசஸ்கூட வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் தூக்கச் சொன்னார்.

"நெல்வினுக்கு தெரியுமா?" என்று கேட்டாள் மோகனா.

"தெரியும். நிறுத்தின டிரம் தானா ஓடுச்சுன்னு கேட்டதும் உங்கப்பா போன அன்னிக்கே புரிஞ்சிருக்கும், மேஸ்திரி கேட்டு அவன் மாட்டேன்னது அதுதான. இங்க எழுதத் தெரிஞ்சது அவன விட்டா உனக்கு மட்டும்தான், அவன்தான சொல்லிக்கொடுத்தான்? அதான் போர்ட எடுத்துட்டு போய் தன் பையில வெச்சுகிட்டு, நான்தான்னு சொல்லிட்டான்."

மோகனா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை.  பிறகு அவள் பேசியதை ஷாஜின் எதிர்பார்க்கவில்லை. இன்பமும் எதிர்பார்க்கவில்லை என்பது அந்த முகத்தில் முதல்முறையாகத் தெரிந்தது.

"அவனே ஒத்துகிட்டான் இல்ல மேடம்? அப்படியே இருக்கட்டுமே."

"இன்னா சொல்ற நீ?" என்றான் ஷாஜின்.

"எங்கம்மா தெனம் விடிஞ்சா மண்ண வாரி தூத்துதுண்ணா. எவ கை எழுதுச்சோ, எவன் கை எழுதுச்சோ, அந்த கை அழுகி புழுவு வைக்கணும்னு. எனக்கு சோறு ஊட்டிகிட்டே சொல்லுது. நான் வீட்டுக்கு போய் எந்த கையால அந்த சோத்த வாங்கறது?" மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு அம்மா இல்ல. அவனே சரின்னுதான சொன்னான். நீங்க எதுக்கு வந்தீங்க? உங்கள யாரு வர சொன்னா?"

அவளை வெறுக்கவேண்டும் என்று ஷாஜினுக்குத் தோன்றியது. முடியவில்லை. இந்த ஒரு பெண்ணுக்காக அங்கே ஒருவன் கண்ணாடிகூட இல்லாமல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், இவளோ அவனை அங்கேயே விட்டுவிடச் சொல்கிறாள். அவள் இடத்தில் தான் இருந்தால் வேறு என்ன கேட்டிருப்போம் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. 

இன்பத்தின் கைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். காலையிலிருந்து எடுக்காத போனை இப்போது பச்சைப் பட்டனை அழுத்தி, காதில் வைக்காமல், மோகனாவிடம் நீட்டினார்.

"என்னை வர சொன்னது இவங்க. நெல்வினோட அக்கா. நீ எங்கிட்ட கேட்டத இவங்ககிட்ட கேளு. இவங்க சரின்னா நான் இந்த சிப்ப இங்கயே விட்டுட்டு போறேன்."

"மேடம்" என்றார் மோசஸ் வாசலிலிருந்து, அதிர்ந்துபோய். இன்பம் திரும்பவில்லை.

மோகனா போனை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், மேடம், லைன்ல இருக்கீங்களா? ஏன் மேடம் போன எடுக்கல? நான் டூட்டிக்கு கூட போகல. அவன் ஒரு எறும்ப மிதிக்க மாட்டான் மேடம். எதாவது சொல்லுங்க. எனக்கு அவன விட்டா யாரும் இல்ல. நாளைக்கு கோர்ட்டுக்கு போய்ட்டா அவ்ளோதான்னு சொல்றாங்க. வந்துடுவானா மேடம்?"

  அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஷாஜின் தரையைப் பார்த்தான்.

"வந்துடுவாருக்கா" என்றாள் மோகனா. "எழுதினது நான்."